காரணம் கேட்கும் உரிமை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், கடலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாக மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் தொடர்வண்டி ஏறி, கிள்ளை, பரங்கிப்பேட்டை, ஆலப்பாக்கம் என்று நிலையங்களைக் கடந்து இவ்வூருக்கு வந்துகொண்டிருக்கிறேன். வரும்போது கையில் ஒரு கவிதையோ கட்டுரையோ இருக்கும். இன்று இருப்பது வேறொன்று. 'இணையவெளியும் எழுத்தாளர் உரிமையும்' என்னும் தலைப்பை விழாக்குழுவினர் எனக்குத் தந்தபோது தயங்கினேன். நான் சிலப்பதிகாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவள். சட்டம் பயின்றவள் அல்லேன்; கணிப்பொறி இயலும் அறியேன். ஆயினும் இதனை ஏற்றுக்கொண்டேன். இவ்வட்டத்திற்கு நான் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று உண்டு என்பதே அதற்குக் காரணம். அக்கடனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குரல் போன கதை

நம் வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவரை உங்களுள் பலர் அறிவீர்கள். பெயர் சொல்ல அவர் குடும்பத்தார் விரும்பவில்லை, அவ்விருப்பத்தை மதிக்கிறேன். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் இக்கரையைத் தாக்கியபோது அவருடைய கூரை பறந்தது. முப்பது ஆண்டுகளாக எழுதிவந்த குறிப்பேடுகள் நீரில் ஊறிக் கூழாயின. அச்சில் வந்த கவிதைகள் மிகச் சிலவே. எஞ்சியவற்றை அவர் தம் நினைவிலிருந்து நம் கூட்டங்களில் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாம் அவற்றைக் கைப்பேசியில் பதிவுசெய்து, சமூக ஊடகம் ஒன்றில் வட்டத்தின் பெயரால் நடத்திவந்த பக்கத்தில் ஏற்றிவைத்தோம். 2021இல் அவர் மறைந்தார்.

அவர் சொன்ன கவிதைகளுள் ஒன்று, தம் தாயைப் பற்றியது. ஊர்க்கிணற்றடியில் அத்தாயை நோக்கி வீசப்பட்ட ஒரு சாதிச் சொல்லை மையமாகக் கொண்டது. அச்சொல் அக்கவிதையில் ஏழு முறை வருகிறது. இம்மேடையில் நான் அதைச் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்லும் உரிமை அச்சொல்லால் அடிபட்டவருக்கே உண்டு. அவர் சொன்னார், கேட்ட நாமெல்லாம் தலைகுனிந்தோம்.

2023 ஆகஸ்டில் ஒரு காலை, அப்பதிவு நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. வெறுப்புப் பேச்சு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அடுத்த வாரம் பக்கமே பூட்டப்பட்டது. வசவை எய்தவன் யார், அதை ஏந்தியவன் யார் என்று பிரித்தறிய முடியாத ஏதோ ஓர் இயந்திரக் கணக்கு, புண்ணையும் கத்தியையும் ஒன்றெனக் கொண்டுவிட்டது. முறையீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். இரண்டு வரி ஆங்கில விடை வந்தது. எந்த வரி, எந்தச் சொல், யார் படித்தார், அவருக்குத் தமிழ் தெரியுமா? ஒன்றுக்கும் பதில் இல்லை. சில மாதங்களில் அப்பக்கம் அடியோடு மறைந்தது.

அப்போது வட்டத்தின் செயலாளர் பொறுப்பில் இருந்தவள் நான். தனிப்படி எடுத்து வைக்காதது என் பிழை. உறுப்பினர்களின் கைப்பேசிகளைத் தேடியதில் ஏற்றியிருந்த நாற்பத்தொரு பதிவுகளில் பதினொன்று மட்டுமே கிடைத்தன. அக்கவிஞருடைய மகள் என்னிடம் வந்து, "அக்கா, அப்பா குரல் அதுல இருந்துச்சே, எடுத்துக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. இவ்வுரை அவ்வினாவுக்கு நான் காலந்தாழ்த்திச் சொல்லும் விடை.

வாயிற்காவலன் இல்லாத அரண்மனை

கண்ணகி வழக்குரைத்த காதையை வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். பாண்டியனின் பிழை யாது? தண்டனை கொடுத்தது மட்டுமா? இல்லை. ஆராயாமல் கொடுத்தது, ஒரு பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டுக் கொடுத்தது. அவ்வாறு பிழைத்த அரசனின் அரண்மனையிலும் ஒரு வாயில் இருந்தது. வாயிலில் காவலன் இருந்தான். வந்தவள் யார் என்று உள்ளே சென்று உரைத்தான். அரசன் அவளை உள்ளே வரச் சொன்னான். அவள் கேட்டாள், அவன் விடை சொன்னான், சிலம்பு உடைந்தது, உண்மை வெளிப்பட்டது. தன் பிழை கண்ட அரசன் உயிர் விட்டான்.

இதுவரை இதனை நான் கற்பின் வெற்றி என்றும், அறத்தின் கூற்று என்றும் கற்பித்துவந்தேன். அப்பூட்டிய பக்கத்தின் முன் அமர்ந்திருந்த நாட்களில் வேறொன்று தோன்றிற்று. அநீதி நடந்த பின்னும் கண்ணகிக்கு ஒரு வாயில் எஞ்சியிருந்தது. நமக்கு அவ்வாயில் எங்கே? கேள்வி கேட்க ஒரு முகம் வேண்டும். விடை சொல்ல ஒரு கடமை வேண்டும். அவை இல்லாத இடத்தில் அறம் பிறக்க வழியில்லை.

பூட்டிய அறையும் மூடிய எல்லையும்

நான் வாழும் சிதம்பரத்திற்கு ஒரு பழங்கதை உண்டு. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கூறப்படும் திருமுறைகண்ட புராணம் அதனைச் சொல்கிறது. மூவர் தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் வந்தாலன்றி அறை திறக்கப்படாது என்றனர் காவல் கொண்டிருந்தோர். மன்னன் மூவருடைய திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டனர் என்றான். அறை திறந்தது. உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. அரித்தவை போக எஞ்சியவையே இன்று நம் கையில் உள்ளன.

புராணத்தைப் புராணமாகவே கொள்வோம். ஆயினும் அதன் உட்பொருள் நமக்கு வேண்டும். அவ்வேடுகளை ஒருவரும் எரிக்கவில்லை. அவை பூட்டப்பட்டன, பூட்டியவர்கள் திறப்பதற்கு நிறைவேற்ற முடியாத நிபந்தனை ஒன்றை வைத்தார்கள். அழிவை அதன்பின் கரையான் பார்த்துக்கொண்டது.

இனிக் கடலூருக்கு வருவோம். 1908இல் சென்னையில் 'இந்தியா' இதழின் மீது ஆங்கில அரசின் பிடி இறுகியபோது, பாரதியார் புதுச்சேரி சென்றார். அவ்வாண்டிலேயே இதழ் அங்கிருந்து வெளிவரத் தொடங்கிற்று. அங்கிருந்தது பிரெஞ்சு ஆட்சி. 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் உரியதாக இயற்றப்பட்டது. ஆங்கில அரசால் அவ்வச்சகத்தில் கை வைக்க இயலவில்லை. ஆகவே வேறு வழி கண்டது. இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையாதபடி தடுத்தது. எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருக்கலாம். படிக்கிறவர் கைக்கு அது போய்ச்சேராது. 1910 மார்ச்சில் இதழ் நின்றது. இன்று ஒரு தளத்தை ஒரு நாட்டின் எல்லைக்குள் மட்டும் திறக்கவிடாமல் செய்கிறார்களே, அதன் முன்மாதிரி நம் கெடிலக் கரைக்கு அருகிலேயே நடந்தேறியிருக்கிறது.

1918 நவம்பர் 20 அன்று பாரதியார் புதுச்சேரி எல்லையைக் கடந்து இப்பக்கம் வந்தார், கைது செய்யப்பட்டார், கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டு டிசம்பர் 14 அன்று விடுதலையானார். சில மைல் தூரம். அக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் எழுத்தாளர். இந்தப் பக்கம் கைதி. மனிதர் ஒருவரே, சொல்லும் ஒன்றே. எந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கிறார் என்பதே அவர் நிலையை முடிவு செய்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவைப் பற்றிப் பேசும்போது மீண்டும் இங்கே வருவேன்.

ஓர் இதழ், இரண்டு கேலிச்சித்திரங்கள்

நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில், சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் நையாண்டி செய்யும் நகைச்சுவைச் சித்திரம் ஒன்று வந்தது. அவையின் உரிமை மீறப்பட்டதாகச் சட்டப்பேரவை முடிவு செய்து, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் அவர்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில் அவர் விடுதலையானார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்துப் பெயரளவில் ஓர் இழப்பீடும் வழங்கியது.

2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் 'விகடன் பிளஸ்' மின்னிதழில், அமெரிக்க அதிபர் அருகே இந்தியப் பிரதமர் விலங்கிடப்பட்டு அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வந்தது. இந்தியர்கள் விலங்கிடப்பட்டு அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதை ஒட்டியது அது. பிப்ரவரி 15 அன்று வாசகர் பலருக்கு விகடன் தளம் திறக்கவில்லை. சித்திரம் இருந்த ஒரு பக்கம் அன்று. நூற்றாண்டு காணும் ஓர் இதழின் தளம் முழுவதும். முடக்கப்பட்டதற்கான முறையான அறிவிப்பு தமக்கு வரவில்லை என்று விகடன் அப்போது கூறியது. வழக்குத் தொடுத்த பின், மார்ச் 6 அன்று, அச்சித்திரம் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கினால் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது.

சித்திரங்களின் தரம் பற்றி உங்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். நான் இங்கே ஒப்பிட விரும்புவது தண்டித்த முறையை. 1987இல் நடந்தது கொடுமைதான். ஆனால் அது பகலில் நடந்தது. தீர்மானம் இருந்தது, ஆணையிட்டவர் பெயர் இருந்தது, சிறைவாயில் ஒன்று இருந்தது. எங்கே போய் நின்று எதிர்க்க வேண்டும் என்பது மக்களுக்குத் தெரிந்தது. 2025இல் வாசகன் கண்டது, 'இத்தளத்தை அடைய இயலவில்லை' என்ற பொருளில் ஒரு வரி. தன் இணைப்பில்தான் பழுதோ என்று அவன் கைப்பேசியை அணைத்து அணைத்துப் போட்டான். தணிக்கை, பழுதின் வேடத்தில் வந்தால் எதிர்ப்பு எழுவதற்கே இடமில்லாமல் போகிறது.

ஐரோப்பா செய்தது

உலகில் வேறெங்கேனும் இதற்கு விடை தேடியிருக்கிறார்களா என்று பார்க்கப் புகுந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள் கண்ணில் பட்டன.

2022 அக்டோபரில் அவ்வொன்றியம் எண்மப் பணிகள் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. இலக்கிய மாணவிக்குப் புரிந்த அளவில் அதன் சாரத்தைச் சொல்கிறேன். ஒரு தளம் ஒருவருடைய பதிவை நீக்கினாலோ, கணக்கை முடக்கினாலோ, தெளிவான காரணக் கூற்று ஒன்றை அவருக்குத் தர வேண்டும். எந்தச் செய்தியை அடிப்படையாகக் கொண்டது, எந்த விதியின்கீழ் எடுத்த முடிவு, முடிவில் இயந்திரத்தின் பங்கு உண்டா, எங்கே முறையிடலாம் என்பன அதில் இருத்தல் வேண்டும். குறைந்தது ஆறு மாத காலம் கட்டணமின்றி முறையிடும் வாய்ப்புத் தர வேண்டும். அம்முறையீட்டை இயந்திரம் மட்டுமே முடிவு செய்தல் கூடாது. அதிலும் நிறைவு இல்லையெனில், சான்று பெற்ற நடுநிலை அமைப்பை நாடலாம். நீதிமன்றக் கதவும் திறந்தே இருக்கும். அரசு அதிகாரியே நீக்கச் சொன்னாலும், அந்த ஆணையில் காரணம் இருக்க வேண்டும். பதிவிட்டவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். மீறும் பெருநிறுவனங்களுக்கு உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 6 விழுக்காடு வரை தண்டம்.

இவையெல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மேக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியச் சட்ட மாணவர், தம்மைப் பற்றி முகநூல் வைத்திருக்கும் செய்திகளைத் தருமாறு 2011இல் கேட்டார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட பக்கங்கள் வந்தன. அக்கேள்வியிலிருந்து தொடங்கிய வழக்கு, ஐரோப்பியர் பற்றிய தகவல்களை அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கு அடிப்படையாயிருந்த ஏற்பாட்டையே 2015 அக்டோபர் 6 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் செல்லாதென அறிவிக்கக் காரணமாயிற்று. 2012 ஜூலை 4 அன்று, இணையவெளியை நெருக்கும் என்று மக்கள் அஞ்சிய பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்றை, வீதிப் போராட்டங்களுக்குப் பின் ஐரோப்பிய நாடாளுமன்றம் 478க்கு 39 என்ற வாக்கில் தள்ளியது. எல்லாருடைய தொலைபேசி, மின்னஞ்சல் தொடர்பு விவரங்களையும் சேமித்து வைக்கச் சொன்ன ஐரோப்பாவின் சொந்த ஆணையை, 2014 ஏப்ரல் 8 அன்று ஐரோப்பிய நீதிமன்றமே வீழ்த்தியது.

ஐரோப்பாவைப் பொன்னுலகம் என்று காட்டுவது என் நோக்கமன்று. குழந்தைகளைக் காக்கும் பெயரால் தனிமடல்களையே துழாவ வழிசெய்யும் சட்ட முன்வரைவு ஒன்று 2022இல் அங்கேதான் வந்தது. ஆண்டுக்கணக்கில் கடும் வாதங்களை எழுப்பியது. அன்று புதுச்சேரியிலும் ஒற்றர்கள் சூழத்தான் பாரதியார் வாழ்ந்தார். எந்த நாடும் அறத்தின் நிரந்தர இருப்பிடம் ஆகாது. மக்கள் கேட்ட இடத்தில், கேட்ட அளவுக்கு அது தங்குகிறது.

இப்போது கெடிலக் கரைக்கு மீண்டு வருகிறேன். பாரீசில் வாழும் ஒரு தமிழ்க் கவிஞரின் பதிவு நீக்கப்பட்டால், காரணக் கூற்றும் நடுநிலை அமைப்பும் அவருக்குச் சட்டப்படி உரியன. அதே கவிதையைக் கடலூரிலிருந்து ஏற்றியவருக்கு அச்சட்டம் பொருந்தாது. 1918இல் இருந்த எல்லைக்கோடு அழியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மிகப் பெரிய தளங்கள், ஒவ்வொரு மொழிக்கும் எத்தனை பேரைப் பதிவுகளைச் சரிபார்க்க அமர்த்தியிருக்கின்றன என்று வெளியிட வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆனால் அது ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளுக்கு மட்டும். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் வாழும் மால்டா நாட்டின் மொழி அதில் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடிப் பேரின் தாய்மொழியான தமிழ் அதில் இல்லை. குற்றம் ஐரோப்பாவினுடையதன்று; அவர்கள் தம் மொழிக்குக் கேட்டார்கள். நம் மொழிக்குக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

நம்மிடம் உள்ளவை

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே மூன்றாண்டு வரை சிறை என்றது. 2012 அக்டோபரில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள புதுச்சேரியில், அன்றைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ஒரு வரி எழுதியதற்காகச் சிறு வணிகர் ஒருவர் அப்பிரிவின்கீழ்க் கைதானார். ஒரு காலத்தில் எழுத்தாளர் தஞ்சம் புகுந்த அதே ஊரில்! 2015 மார்ச் 24 அன்று, ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முற்றாக நீக்கியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகக் கூறியது.

2021ஆம் ஆண்டின் விதிகளைப் பற்றி வழக்குகள் பல நடந்தன. கருநாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். எழுத்தையும் கலையையும் நெருக்கும் கூறுகள் அவ்விதிகளில் உண்டு என்ற முறையீட்டில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அவற்றுள்ளேயே நமக்குப் பயன்படும் ஒரு கூறும் இருப்பதை நான் காலந்தாழ்த்தியே அறிந்தேன். ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட பதிவுபெற்ற பயனாளர்களைக் கொண்ட சமூக ஊடகம், தன் விதிகளைக் காட்டித் தானாக ஒரு பதிவை நீக்குமாயின், முன்னதாகவே காரணத்தைத் தெரிவித்து, மறுத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்தி, முறையீட்டை விதித்த கெடுவுக்குள் (2023இல் அது பதினைந்து நாட்கள்) தீர்க்க வேண்டும். அவர் முடிவில் நிறைவில்லையெனில், 2023இல் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் முப்பது நாட்களுக்குள் செல்லலாம்.

முப்பது நாட்கள், அவையோரே! இரண்டு வரி விடை வந்த பின் நான் செய்தது என்ன? கோபப்பட்டேன், நண்பர்களிடம் புலம்பினேன், இனி எதற்கு என்று விட்டுவிட்டேன். வாயில் இருந்தது, நான் போய் நிற்கவில்லை. போயிருந்தால் வென்றிருப்பேன் என்று உறுதி கூற முடியாது. தோற்றிருந்தாலும், ஒரு தமிழ்க் கவிதையை இன்ன காரணத்தால் நீக்கினோம் என்று எழுத்தில் எழுத வைத்திருக்கலாம். எழுதப்பட்ட காரணத்தோடு வாதிடலாம். எழுதாத காரணத்தோடு எவ்வாறு வாதிடுவது?

அரசே ஒரு தளத்தை முடக்கும்போது இந்த வாயிலும் குறுகிவிடுகிறது. 69அ பிரிவின்கீழ் 2009இல் வந்த விதிகள், முறையீடுகளையும் நடவடிக்கைகளையும் கமுக்கமாக வைக்க வேண்டும் என்கின்றன. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்ற பாதுகாப்பு இருப்பதைச் சுட்டியே 2015இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ஏற்றது. பதிந்த காரணம் பூட்டிய அறைக்குள் இருந்தால் யாருக்குப் பயன்? அது தில்லை ஏடுகளின் நிலைதான்.

ஒரு மறுப்பும் விடையும்

இங்குள்ள சகோதரியர் சிலர் என்னை மறுக்கக்கூடும். என் மாணவி ஒருத்தியின் நிழற்படத்தை எவனோ திரித்து வெளியிட்டபோது, அதனை நீக்கும்படி நள்ளிரவில் நான்தான் மன்றாடினேன். பெண்கள் எழுதினால் எத்தகைய வசவுகள் வந்து விழுகின்றன என்பதை இவ்வரங்கிலுள்ள கவிஞர்கள் நன்கறிவர். ஆகவே எதையும் நீக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். நீக்க வேண்டியவை உண்டு. அவை விரைந்து நீக்கப்பட வேண்டும்.

அன்று அம்மாணவிக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். அப்படம் விதிகளை மீறவில்லை என்று முதலில் விடை வந்தது. அதற்கும் காரணம் இல்லை. இரு நாட்கள் கழித்தே நீக்கினார்கள். அதற்கும் காரணம் இல்லை. நீக்க வேண்டியதை நீக்காதபோதும், நீக்கக் கூடாததை நீக்கியபோதும் எங்களுக்கு முன் நின்றது அதே ஊமைச் சுவர். காரணம் கேட்கும் உரிமை, எழுதுகிறவனுக்கும் புண்பட்டவளுக்கும் பொதுவானது. ஐரோப்பியச் சட்டத்திலும் முறையிட்டவருக்கும் பதிவிட்டவருக்கும் விடை பெறும் உரிமை தரப்பட்டிருப்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, படியெடுத்தல். ஏடுகளைப் படியெடுத்துப் பல ஊர்களில் வைத்ததனால்தான் தமிழ் பிழைத்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், பல நாடுகளில் இருந்தபடியே பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கி யாவர்க்கும் தந்தார்கள். நம் பதிவுகளையும் குறைந்தது மூன்று இடங்களில் வைப்போம். பிறர் வீட்டுத் திண்ணையில் பாடலாம். பெட்டகத்தை அங்கே விட்டுவரலாகாது.

இரண்டாவது, கேட்டல். உறுப்பினர் எவருடைய எழுத்தேனும் காரணமின்றி நீக்கப்பட்டால், அவரைத் தனியே விடாமல் வட்டமே முறையிட வேண்டும். நாள் குறித்து, படி வைத்து, விதித்த கெடுவை நாள் நாளாகக் கணக்கு வைத்துக் கேட்போம். இளைய உறுப்பினர் இருவர் இப்பொறுப்பை ஏற்றால், எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது.

மூன்றாவது, தமிழில் கேட்டல். தமிழ்ப் பதிவைத் தமிழ் அறிந்த மனிதர் படித்தாரா, எத்தனை பேர் அப்பணியில் இருக்கின்றனர் என்பதை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்ற தீர்மானத்தை இவ்விழாவில் நிறைவேற்றி, நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மத்திய அமைச்சகத்திற்கும் அனுப்ப வேண்டுகிறேன். மால்டா நாட்டு மொழிக்குக் கிடைத்தது நமக்கும் கிடைத்தல் வேண்டும்.

நிறைவாக ஒன்று. அப்பதினொரு பதிவுகளில், அக்கவிஞரின் குரல் ஒன்றில் மட்டும் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் பின்வரிசையிலிருந்து எடுத்தது. மின்விசிறியின் ஓசை மேலோங்கிக் கேட்கிறது. நடுவே யாரோ இருமுகிறார். தாயைப் பற்றிய அக்கவிதைதான் அது. அம்மகளும் நானும் மூன்று மாலைகள் உடனிருந்து, கேட்டுக் கேட்டு எழுதினோம். இரண்டு வரிகள் எங்களுக்குப் பிடிபடவேயில்லை. அவ்விடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கிறோம்.

அக்கவிதை, அந்த ஏழு சொற்களுடனும் அந்த இரண்டு வெற்றிடங்களுடனும், இம்மலரில் அச்சாகிறது. மின்விசிறி ஓசையோடு அக்குரலின் படி ஒன்றை நேற்று அம்மகளிடம் கொடுத்துவிட்டேன். கடனில் ஒரு பகுதி அது. எஞ்சிய பகுதியை நாம் அனைவரும் சேர்ந்து தீர்க்க வேண்டும்.